எலிமினேஷன் டயட்டின் முதல் வாரம்: வயிறு ஏன் இந்தப் பாடுபடுகிறது?

வயிற்று உப்புசம் தாங்கவில்லை என்று ஒருவர் கோதுமை, பால், காபி மூன்றையும் ஒரு திங்கட்கிழமை காலையில் நிறுத்துகிறார். டாக்டர் சொல்லி நிறுத்தியிருக்கலாம், யூட்யூப் பார்த்தும் நிறுத்தியிருக்கலாம். இரண்டு மூன்று நாளில் வயிறு லேசாகிவிடும் என்று எதிர்பார்க்கிறார். புதன்கிழமை பார்த்தால் முன்பைவிட அதிகமாகப் பொருமுகிறது. வாயு, இரைச்சல், கூடவே மந்தமான ஒரு தலைவலி. சிலருக்கு நேர்மாறாக, மூன்று நாளாகியும் வெளியே போகவே இல்லை.

இந்தக் கட்டத்தில் சுற்றியிருப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். “உடம்புல இருக்கற கழிவு வெளியேறுது, பொறுத்துக்கோ.” அல்லது, “உனக்கு இதெல்லாம் ஒத்து வராது, பழையபடி சாப்பிடு.” இரண்டையுமே உடனே கேட்க வேண்டாம் என்பேன். முதல் வாரத் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம், தட்டிலிருந்து எடுத்த உணவுக்குப் பதிலாக உள்ளே வந்த உணவுதான். எதையெல்லாம் விட்டோம் என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கும். பதிலுக்கு எதையெல்லாம் சாப்பிடத் தொடங்கினோம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

முதலில், இது என்ன டயட்?

எடை குறைக்கும் டயட்டுகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஒரு சோதனை முறை. சந்தேகப்படும் சில உணவுகளைச் சில வாரம் முழுதாக நிறுத்துவது, தொல்லை குறைகிறதா என்று கவனிப்பது, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து எது படுத்துகிறது என்று கண்டுபிடிப்பது. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஆல்பர்ட் ரோ என்ற ஒவ்வாமை மருத்துவர் 1920-களிலேயே இதை ஒரு முறையாக வகுத்துப் பயன்படுத்தினார்.

வயிற்றுத் தொல்லைக்காக இன்று அதிகம் பரிந்துரைக்கப்படுவது இதன் ஒரு வகையான ‘லோ ஃபோட்மேப்’ டயட். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் இருவரும் 2005 வாக்கில் முன்வைத்தது. ஐபிஎஸ் என்று டாக்டர்கள் சொல்லும் குடல் கோளாறு உள்ளவர்களுக்காக உருவானது. இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கு, பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வரை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தல், கடைசியில் அவரவர் வயிற்றுக்கேற்ற சாப்பாடு. இந்தக் கட்டுரையில் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம் சமையலறையில் உள்ள பாதிப் பொருட்கள் இதன் பட்டியலில் வருகின்றன.

ஃபோட்மேப் என்பது ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகளையும் சிறிய மாவுச்சத்துகளையும் ஒன்றாகக் குறிக்கிறது. கோதுமை, வெங்காயம், பூண்டில் இருக்கும் ஃப்ரக்டன். பருப்பு, பயறு வகைகளில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் வகையறா. பாலில் லாக்டோஸ். தேனிலும் மாம்பழத்திலும் குளுக்கோஸை மிஞ்சி நிற்கும் ஃப்ரக்டோஸ். காளானிலும் காலிஃப்ளவரிலும் உள்ள மானிட்டால். ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சேர்க்கும் சார்பிட்டால்.

இவை வயிற்றை இரண்டு வழியில் படுத்தும். சில, சிறுகுடலுக்குள் தண்ணீரை இழுத்துவரும். சில, பெருங்குடல் வரை செரிக்காமல் போய், அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனியாகி ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேன் என்று கிளம்பும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2014-இல் ஆரோக்கியமானவர்களை எம்ஆர்ஐ ஸ்கேனில் வைத்தே இதைப் பார்த்தார்கள். ஃப்ரக்டோஸ் குடித்தவர்களின் சிறுகுடலில் தண்ணீர் கூடியது. ஃப்ரக்டன் வகையைச் சேர்ந்த இனுலின் குடித்தவர்களின் பெருங்குடலில் வாயு கூடியது. ஆரோக்கியமான வயிற்றிலும் இதெல்லாம் நடக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஐபிஎஸ் உள்ளவரின் குடல் நரம்புகள் அதே வாயுவை வலியாக உணர்கின்றன.

ஒரு நாள் சாப்பாட்டைப் பிரித்துப் பார்ப்போம்

நம் ஊரில் கோதுமையையும் பாலையும் விட்டவர் பொதுவாக என்ன சாப்பிடுகிறார்? ‘ஹெல்தி’ என்று பேர் வாங்கிய பொருட்கள் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்குள் வந்துவிடும். எழுந்ததும் வெந்நீரில் தேன். காலைக்கு ஏபிசி (ஆப்பிள், பீட்ரூட், கேரட்) ஜூஸ், நாலு பேரீச்சம்பழம், ஒரு கைப்பிடி முந்திரி. மதியம் வரகரிசிச் சாதம், காளான் வறுவல். சாயங்காலம் டீ பிஸ்கட்டுக்குப் பதில் முளைகட்டிய பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி சப்பாத்திக்குப் பதில் ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தர்ப்பூசணி.

ஒவ்வொன்றும் நல்ல உணவுதான். ஆனால் ஐபிஎஸ் வயிற்றுக்கு இந்த நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தேனில் ஃப்ரக்டோஸ். ஏபிசி ஜூஸில் ஆப்பிள் இருக்கிறது, அதில் ஃப்ரக்டோஸும் சார்பிட்டாலும் சேர்ந்தே வரும். பீட்ரூட் தன் பங்குக்கு ஃப்ரக்டன் கொண்டுவரும். பேரீச்சம்பழத்திலும் ஃப்ரக்டன் உண்டு. முந்திரியில் பயறு வகைச் சர்க்கரையும் ஃப்ரக்டனும் உண்டு. காளானில் மானிட்டால். சுண்டலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ராஃபினோஸை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது, அது யாருக்குமே செரிக்காமல்தான் பெருங்குடலுக்குப் போகும். தர்ப்பூசணியில் மறுபடி ஃப்ரக்டோஸ்.

கோதுமையிலிருந்து வந்த ஃப்ரக்டனை நிறுத்திவிட்டு, அதைவிடப் பெரிய சுமையை ஐந்து வேறு வாசல் வழியாக உள்ளே விட்டாயிற்று. புதன்கிழமை வயிறு பொருமாமல் என்ன செய்யும்?

பாலுக்குப் பதில் சோயா பால் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். முழு சோயா பயறை அரைத்து எடுத்த பாலில் லாக்டோஸ் இருக்காது, பயறின் சர்க்கரை அப்படியே இருக்கும்.

நார்ச்சத்துக் கணக்கு

ஃபோட்மேப்பை விட்டுவிட்டாலும், நார்ச்சத்து திடீரென்று ஏறுவதும் இறங்குவதும் தனியாக ஒரு காரணம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில், 100 கிராம் தீட்டிய வெள்ளை அரிசியில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமைச் சுற்றி. கோதுமை மாவிலும் ஏறத்தாழ 11.

தினமும் 200 கிராம் அரிசி சாப்பிட்டவர் ஒரே நாளில் கம்பு, கேழ்வரகுக்கு மாறினால், 6 கிராமாக இருந்தது 22 கிராம் ஆகிறது. குடல் பாக்டீரியாவுக்கு இது எதிர்பாராத விருந்து, வாயு நிச்சயம். தண்ணீரும் போதாமல் போனால் அந்த நார் குடலில் இறுகி மலச்சிக்கலையும் கொண்டுவரும். இன்னொருவர் தினமும் ராத்திரி மூன்று சப்பாத்தி சாப்பிட்டவர், அதை நிறுத்தி இட்லிக்கும் வெள்ளைச் சாதத்துக்கும் மாறுகிறார். அவருக்கு நார்ச்சத்து சட்டென்று குறைகிறது, மூன்று நாள் வெளியே போகவில்லை. இருவருமே “கோதுமையை விட்டேன், வயிறு கெட்டுப்போச்சு” என்றுதான் சொல்வார்கள். காரணங்கள் நேரெதிர்.

உணவு மாறினால் குடல் பாக்டீரியாவின் கூட்டமும் மாறும், அதுவும் வேகமாக. ஹார்வர்டில் ஒரு ஆய்வுக்குழு சிலருக்கு ஐந்து நாள் முழுக்க அசைவ உணவும், வேறொரு ஐந்து நாள் முழுக்கச் சைவ உணவும் கொடுத்துப் பார்த்து, 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. புதிய உணவு குடலை அடைந்த ஒரே நாளில் மாற்றம் தெரியத் தொடங்கியது. அதனால் முதல் வாரத்தில் சத்தமும் காற்றும் கொஞ்சம் கூடுவது இயல்பு, போகப் போக அடங்கும். ஆனால் “கொஞ்சம்” என்பதை அழுத்திச் சொல்கிறேன். தூக்கம் கெடுமளவு வலி இருந்தால் அது பழகும் சமாசாரம் இல்லை.

காபி

அந்தத் தலைவலி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நிறுத்திய ஃபில்டர் காபியிலிருந்து. காஃபீன் பழக்கமான உடம்பு, கடைசி டம்ளருக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் முனகத் தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து ஒன்பது நாளுக்குள் விடும். தலைவலி, சோர்வு, எரிச்சல், சிலருக்குக் குமட்டல்.

வயிற்றுக்கும் இதில் பங்குண்டு. காபி குடித்த சில நிமிடங்களில் பெருங்குடல் அசையத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். காஃபீன் நீக்கிய காபிக்கும் அந்தக் குணம் உண்டு. இருபது வருஷமாகக் காலை காபியைக் குடித்துவிட்டுத்தான் பாத்ரூம் போகிறவர் அதை நிறுத்தினால், குடல் காத்துக்கொண்டே இருக்கும். காபியை விலக்கித்தான் ஆக வேண்டும் என்றால், டயட்டுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அரை அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எந்தத் தொல்லை எதனால் வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

“கழிவு வெளியேறுது” என்பதைப் பற்றி

இந்தப் பேச்சுக்கு மருத்துவத்தில் ஒரு சாயல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் பேசுகிறார்கள். யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும், சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பாதரச மருந்து கொடுத்தபோது அந்த இரு மருத்துவர்கள் கவனித்தது. சிபிலிஸ், எலிக்காய்ச்சல் போன்ற நோய்களில் ஆன்டிபயாடிக் கொடுத்த சில மணி நேரத்தில், சாகும் கிருமிகளால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஒரு நாளில் தணியும். அது மருந்து கிருமியைக் கொல்லும்போது வருவது. சப்பாத்தியை நிறுத்துவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன, வாயு அதன் அடையாளம் இல்லை.

இந்த விளக்கத்தால் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் வேறு. எவ்வளவு மோசமாகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்ப வைத்துவிடும். ரத்தம் போனாலும் “வெளியேறட்டும்” என்று உட்கார்ந்திருப்பார்கள்.

சமாளிப்பது எப்படி?

தொடங்குவதற்கு ஒரு வாரம் முன், எதையும் மாற்றாமல், சாப்பிட்டதையும் வயிறு நடந்துகொண்டதையும் எழுதுங்கள். பழைய தொல்லையின் அளவு தெரியாமல், புதிய தொல்லை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. எழுதும்போது நேரத்தையும் எழுதுங்கள். சாப்பாடு பெருங்குடலை எட்ட நாலைந்து மணி நேரமாவது ஆகும், முழுதாக வெளியேற ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். புதன்கிழமை காலை உப்புசத்துக்கு, அன்று காலை சாப்பிட்ட இட்லியைவிட முந்தின நாள் சுண்டல்மேல் சந்தேகப்படுவதே சரி.

பதில் உணவைப் புதுசாகத் தேடாதீர்கள். ஏற்கெனவே உங்கள் வயிற்றுக்குப் பழக்கமானவற்றில், விலக்குப் பட்டியலில் இல்லாததைக் கூட்டிக்கொள்ளுங்கள். அரிசிச் சாதம், முட்டை, மீன், உருளை, கேரட், வெள்ளரி, கத்தரிக்காய், ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி எல்லாம் லோ ஃபோட்மேப்பில் சாதாரண அளவில் நிற்பவை. நார்ச்சத்துக்குச் சிறுதானியம் வேண்டுமென்றால் ஒரு வேளை, கொஞ்சமாக, சில நாள் இடைவெளி விட்டுக் கூட்டலாம். பழம் ஒரு தடவைக்கு ஒன்று போதும், ஜூஸாக வேண்டாம். மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் போவதுதான் ஜூஸின் கோளாறு.

பூண்டு, வெங்காயம் இல்லாமல் தாளிப்பதா என்று மலைக்க வேண்டாம். ஃப்ரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. தோலுரித்த பூண்டுப் பல்லை எண்ணெயில் மெதுவாக வதக்கி, பொன்னிறமானதும் பல்லை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் வாசனை வரும், ஃப்ரக்டன் வராது. அன்றன்றைக்குச் செய்து அன்றே முடித்துவிடுங்கள். பூண்டு எண்ணெயை வெளியில் நாள்கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. ரசத்தில் பூண்டைக் கொதிக்கவிட்டு எடுத்துவிடலாமே என்றால், ஆகாது. அங்கே தண்ணீருக்குள் எல்லாம் இறங்கிவிடும். இதே தத்துவத்தில், பயறை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும்.

அடுத்து, நிறுத்தியதாக நினைத்தது நிஜமாகவே நின்றதா? “கோதுமையே தொடுவதில்லை” என்பவரின் காலை டிபன் ரவா உப்புமாவாக இருக்கும். ரவை கோதுமைதான், சேமியாவும் பெரும்பாலும் அதுதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்: பல பிராண்டுகளில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். ஒரு சிட்டிகையில் வரும் ஃப்ரக்டன் பெரிதில்லை, ஆனால் சீலியாக் நோய்க்காக (கோதுமையின் புரதமான குளூட்டன் சிறுகுடலைச் சேதப்படுத்தும் நோய்) குளூட்டனை விலக்குபவருக்கு அதுவும் ஆகாது. பருப்பை நிறுத்தியவருக்கும் இதே கதை: சாம்பார் பொடியில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரைபட்டிருக்கும். அப்பளம் உளுந்து.

கோதுமையை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் பயாப்சியும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். பல வாரம் விட்டுவிட்டுப் போனால் ‘ஒன்றுமில்லை’ என்று வரலாம், மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்கள். வட இந்தியாவோடு ஒப்பிட்டால் தெற்கில் இந்த நோய் மிகக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

மாறாக, 100, 200 உணவுக்கு ஒரே ரத்தத்துளியில் ‘இன்டாலரன்ஸ்’ (ஒத்துக்கொள்ளாமை) பார்க்கிறோம் என்று விற்கப்படும், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும். ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்புகள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மலத்தில் ரத்தம், இரும்பு மாத்திரை சாப்பிடாமலே கறுத்துப்போன மலம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், நிற்காத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் — இவற்றில் எது இருந்தாலும் டயட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், சாப்பாட்டைக் கண்டு பயப்படும் பழக்கம் உள்ளவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கலாம்.

திரும்பச் சேர்க்கும்போது

விலக்கியதும் நிம்மதி கிடைத்தவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கக் கூடாது. லோ ஃபோட்மேப்பை நீட்டிக்கொண்டே போனால் குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோபாக்டீரியா குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதோடு, காரணம் எது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்காது.

அந்தப் பதில் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒஸ்லோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு நல்ல உதாரணம். குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமே முடிவுசெய்து அதை விட்டிருந்த, சீலியாக் நோய் இல்லாத 59 பேர். அவர்களுக்கு ஒரே மாதிரி ருசிக்கும் மூன்று வகை மியூஸ்லி பார்களை (தானியக் கட்டிகளை) வாரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டன், ஒன்றில் இரண்டும் இல்லை. எது எதுவென்று அவர்களுக்குத் தெரியாது. அதிகம் படுத்தியது ஃப்ரக்டன். குளூட்டனுக்கும் வெறும் பாருக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. கோதுமையைப் பழித்துக்கொண்டே வெங்காயத்தைத் தாராளமாகச் சாப்பிடுபவருக்கு ஏன் குணமாவதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

வெங்காயத்தைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் விலக்கிலேயே இருக்கட்டும். முதல் நாள் ஒரு ஸ்பூன் வதக்கிய வெங்காயம், மறுநாள் இரண்டு மடங்கு, மூன்றாம் நாள் வழக்கமாக நீங்கள் சாப்பிடும் அளவு. தொல்லை வந்தால் அங்கேயே நிறுத்தி, வயிறு அடங்கும்வரை இரண்டு மூன்று நாள் விட்டு, அடுத்த பொருளுக்குப் போங்கள். தொல்லை வராவிட்டாலும், எல்லாச் சோதனையும் முடியும்வரை வெங்காயத்தைத் திரும்பத் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சோதனையில் அதுவும் கலந்துவிடும். ஒரு உணவால் முன்பு உடம்பெங்கும் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை வீட்டில் சோதிக்கவே கூடாது, அது ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது.

கடைசியில் கைக்கு வரும் முடிவு பெரும்பாலும் ஆகும், ஆகாது என்று இருக்காது, ஒரு அளவாக இருக்கும். சாம்பாரில் நாலைந்து சின்ன வெங்காயம் போனால் ஒன்றும் செய்யாது, ராத்திரி வெங்காய ஊத்தப்பம் சாப்பிட்டால் விடியவிடியப் பொருமும். டீயில் விடும் பால் தாங்கும், தனியாக ஒரு டம்ளர் பால் தாங்காது. பிரச்சினை லாக்டோஸ்தான் என்று தெரிந்தால் தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், புளிக்கும்போதே அதில் ஒரு பங்கு லாக்டோஸை பாக்டீரியா தின்றுவிடுகிறது. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம்.